மடுகரையிலிருந்து டில்லிக்கு

ஒருவர் ஒரு பிரதேசத்தின் முதல் மந்திரியாக இருமுறை பதவி வகித்தவர். அப்பிரதேசத்தின் சட்டசபையில் சபாநாயகர் ஆசனத்தில் வீற்றிருப்பவர். மந்திரிகளும் அவர் அனுமதி பெற்றே வாய் திறக்க வேண்டும். அத்தகையவர் அந்த ஆசனத்தையும் சட்டசபை அங்கத்தினர் பதவியையும் ராஜிநாமாச் செய்துவிட்டு, 543 பேர் தேர்ந்தெடுக்கப்படும் ஒரு பெரு மன்றத்தில் தாமும் ஒருவராகக் கடைசி வரிசையிலேனும் அமர்ந்தால் போதும் என்று வீதியில் இறங்கி வோட்டுக் கேட்கிறார். இது ஏற்றமா, இறக்கமா? 2019-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஸ்ரீ வெ. வைத்திலிங்கம் புதுவையில் இவ்வாறு செய்தபொழுது பலரும் கேட்ட கேள்வி இது. அக்கேள்விக்கு நிதானமாக விடை தேடுவது இன்றும் வீண் வேலையன்று என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், அது ஒரு மனிதரைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. புதுவை என்னும் சிறு பிரதேசத்தின் நிலைமையைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

இக்கேள்விக்கு இரண்டு சுலபமான விடைகள் சொல்லப்படுவதுண்டு. “பெரிய குடும்பத்துப் பிள்ளை, பதவி அவருக்குப் பிதுரார்ஜிதம்” என்பது ஒன்று. “அரசியல்வாதிக்கு ஆசை அடங்குமா? இங்கே ஏறி முடிந்தது, இனி அங்கே ஏறப் பார்க்கிறார்” என்பது மற்றொன்று. திண்ணைப் பேச்சுக்கு இவை போதும், ஆராய்ச்சிக்குப் போதா. ஒருவருடைய உள்ளத்தைத் திறந்து பார்க்கும் உரிமை பத்திரிகைக்காரனுக்கு இல்லை. ஆனால், அவர் பிறந்த மண்ணையும், வளர்ந்த காலத்தையும், அவர் கண்ணெதிரே நிகழ்ந்த சம்பவங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரு செய்கையின் காரணம் பெரும்பாலும் தானே விளங்கிவிடும். அம்முறையையே நாம் இங்கே கைக்கொள்ளுகிறோம்.

பிறந்த மண்

புதுவையின் தேசப் படத்தை எடுத்துப் பாருங்கள். அது ஒரே துண்டாக இராது. கிழிந்த வேஷ்டியில் ஒட்டுப் போட்டது போல, அக்காலத்துத் தென்னார்க்காடு ஜில்லாவின் ஊர்களுக்கிடையே பிரெஞ்சுக்காரர்களின் ஊர்கள் சிதறிக் கிடந்தன. ஒரு வயலுக்கு ஒரு ராஜாங்கம், அடுத்த வயலுக்கு வேறு ராஜாங்கம். இது போதாதென்று காரைக்கால் தஞ்சைக் கரையிலும், மாஹி மலையாளக் கரையிலும், ஏனாம் கோதாவரிக் கரையிலும் இருந்தன. நகரத்துக்குத் தென்மேற்கே உள்ள நெட்டப்பாக்கம் கொம்யூனும் இத்தகைய துண்டுகளுள் ஒன்று. அந்தக் கொம்யூனைச் சேர்ந்த கிராமம் மடுகரை. ஸ்ரீ வைத்திலிங்கம் 1950-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பிறந்தது அக்கிராமத்தைச் சேர்ந்த வேளாண் குடும்பத்தில். அப்பொழுது இந்தியா சுதந்திரம் அடைந்து மூன்று வருஷங்கள் கடந்துவிட்டன. குடியரசாகிப் பத்து மாதங்கள்கூட ஆகவில்லை. ஆனால் மடுகரையில் பிறந்த குழந்தை பிரெஞ்சு ஆட்சியிலேயே பிறந்தது. வரப்பைத் தாண்டினால் சுதந்திரம், வரப்புக்கு இப்பால் அன்னிய ஆட்சி என்ற நிலைமை.

அக்குழந்தைக்கு நாலு வயது நிரம்பு முன்னரே அந்த நிலைமை மாறிற்று. மாறிய இடமும் வீட்டுக்கு வெகு அருகிலேயே இருந்தது. 1954-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி புதுவைப் பகுதியின் எட்டுக் கொம்யூன்களின் மேயர்களும், ஜனவாக்கெடுப்பு வேண்டாம், இந்தியாவுடன் உடனே சேர வேண்டும் என்று தீர்மானித்தனர். பாரிஸ் இணங்கவில்லை. மார்ச்சு 31-ந் தேதி நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. ஸ்ரீ எதுவார் குபேரின் தலைமையில் அங்கே ஒரு தற்காலிக அரசாங்கமும் தோன்றிற்று. துய்ப்ளே கனவு கண்ட சாம்ராஜ்யத்தின் கடைசி மிச்சத்துக்கு முடிவு, கவர்னர் மாளிகையில் அன்று. நெல் விளையும் ஒரு கிராமப் பகுதியில் தொடங்கிற்று. இது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

அப்பகுதியின் விடுதலைக் கிளர்ச்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஸ்ரீ வெங்கடசுப்பா ரெட்டியார். அவரே ஸ்ரீ வைத்திலிங்கத்தின் தந்தையார். அவ்வருஷம் அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும், 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பின்னர் புதுவைக்குச் சட்டசபையும் மந்திரி சபையும் ஏற்பட்ட 1963-ம் வருஷத்தில் ஸ்ரீ குபேர் முதலாவது முதல் மந்திரியானார். 1964-ம் வருஷம் செப்டம்பரில் அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர் ஸ்ரீ வெங்கடசுப்பா ரெட்டியார். 1967 வரை ஒரு முறையும், 1968-ல் சில மாதங்கள் மற்றொரு முறையும் அவர் முதல் மந்திரியாக இருந்தார். இரண்டாம் முறை மந்திரி சபை நிலைக்கவில்லை. செப்டம்பரில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. தந்தை பதவி ஏறியதையும் இறங்கியதையும் மைந்தர் பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில் கண்டார். பதவியின் இனிப்பை மட்டுமன்றி, அதன் நிலையாமையையும், புதுவையில் ஒரு மந்திரி சபை விழுந்தால் அதிகாரம் எங்கே போய்ச் சேரும் என்பதையும் வீட்டிலிருந்தே கற்றிருக்க வேண்டும்.

பிதுரார்ஜிதமா?

இனிக் குடும்பச் சொத்து என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். பதவி பரம்பரை பாத்தியதையாக வருவதை ஜனநாயகத்தில் நம்பிக்கையுள்ள எவனும் ஒப்பான், நாமும் ஒப்பவில்லை. “என் பாட்டன் நெய் உண்டான், என் கையை மோந்து பார்” என்பவனுக்கு வோட்டுப் போடுவது மதியீனம். ஆயினும், தந்தை வகித்த பதவியை மைந்தர் வகித்தார் என்பது மாத்திரமே அயோக்கியதை ஆகிவிடாது. இங்கிலாந்தில் மூத்த பிட்டும் பிரதம மந்திரி. அவர் குமாரர் இளைய பிட்டும் 1783-ல் தமது இருபத்து நாலாவது வயதில் பிரதம மந்திரி. குமாரரைத் தந்தையின் பெயர் வாயிற்படி வரை கொண்டு வந்தது. உள்ளே நெடுங்காலம் நிற்க வைத்தது அவருடைய சொந்தச் சாமர்த்தியம்.

ஸ்ரீ வைத்திலிங்கத்தின் விஷயத்தில் சில உண்மைகள் கவனிக்கத்தக்கவை. தந்தையாரின் மந்திரி சபை முடிந்தது 1968-ல். மைந்தர் நெட்டப்பாக்கத்திலிருந்து சட்டசபைக்கு வந்தது 1985-ல். இடையே பதினேழு வருஷங்கள். ஒருவர் எழுந்த நாற்காலியில் மற்றவர் உடனே அமரவில்லை. 1991-ல் அவர் முதல் மந்திரியாகி ஐந்து வருஷ காலமும் பதவி வகித்தார். 2008-ல் ஸ்ரீ ரங்கசாமியை விலக்கிக் காங்கிரஸ் மேலிடம் மறுபடி அவரை அமர்த்திற்று. 2011 வரை இருந்தார். பிறகு தொகுதிச் சீரமைப்பில் நெட்டப்பாக்கம் ஷெட்யூல்டு வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது. பூர்விகத் தொகுதி கையை விட்டுப் போயிற்று. குடும்பப் பெயரே மூலதனம் என்றால் வியாபாரம் அங்கே முடிந்திருக்க வேண்டும். அவரோ நகரத்துக்கு வந்து காமராஜ் நகரில் 2011-லும் 2016-லும் வெற்றி பெற்றார். ஆகவே, பரம்பரை அவருக்கு உதவியது என்பது மெய். பரம்பரையே எல்லாம் செய்தது என்பது மெய்யன்று.

தூரத்துத் தலைநகரம்

சட்டசபையில் இவ்வளவு வேரூன்றியவர் டில்லியை நாடியது ஏன்? இதை அறியப் புதுவையின் ஒரு பழைய வழக்கத்தை நினைவுறுத்திக்கொள்ள வேண்டும். தன் தலைவிதியை எழுதும் பேனா வேறெங்கோ இருக்கிறது என்பது புதுவை வாசிகளுக்குப் புதிய அனுபவமன்று. பிரெஞ்சு ஆட்சியில் பாரிஸ் சட்டசபைக்குப் புதுவை ஒரு ‘தெபுத்தே’யை அனுப்பி வந்தது. நெடுங்காலம் அந்த ஸ்தானத்தை இந்நாட்டை நன்கு அறியாத வெள்ளையர்களே பெற்று வந்தனர். பிற்காலத்திலேயே இந்நாட்டவர் அங்கே சென்றனர். பிரெஞ்சிந்தியக் கலப்புக் குடும்பத்தில் 1894-ல் பிறந்த ஸ்ரீ குபேர், உள்ளூர்ப் பிரதிநிதி சபையில் செல்வாக்கு மிக்கவராயிருந்தும், 1951-ல் பாரிஸ் சபைக்குத் தேர்தலில் நின்று வென்றார். உள்ளூரில் எவ்வளவு செல்வாக்கிருப்பினும், முடிவு செய்யும் இடத்தில் ஒரு நாற்காலி இல்லையேல் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றே வருஷங்களில் அவரே பாரிஸை விட்டு இந்தியாவின் பக்கம் திரும்பினார். இன்று நகரத்துப் பெரிய அங்காடியும் கடற்கரைச் சாலையும் அவர் பெயரால் வழங்குகின்றன.

பாரிஸ் போயிற்று, டில்லி வந்தது. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. முன்னது அன்னியரின் தலைநகரம்; பின்னது நம்முடைய தலைநகரம். ஆனால் சட்டத்தின் அமைப்பைப் பார்த்தால், புதுவை மந்திரி சபைக்குக் கொடுக்கப்பட்டது எவ்வளவு, டில்லியில் நிறுத்திக்கொள்ளப்பட்டது எவ்வளவு என்பது விளங்கும்.

சட்டம் சொல்லுவது

1956-ம் வருஷம் மே 28-ந் தேதி இந்தியாவும் பிரான்ஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இப்பிரதேசங்களின் தனி நிர்வாக அந்தஸ்து நீடிக்கும் என்றும், அதில் மாறுதல் செய்வதாயின் ஜனங்களின் விருப்பத்தை அறிந்தே செய்யப்படும் என்றும் கண்டிருக்கிறது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி அவ்வொப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அவ்வருஷமே அரசியல் சாசனத்தின் பதினான்காவது திருத்தம் புதுவையை யூனியன் பிரதேசமாக்கி, சட்டசபை அமைக்கும் அதிகாரத்தைப் பார்லிமெண்டுக்கு அளித்தது. அதன்படி பிறந்தது 1963-ம் வருஷத்து யூனியன் பிரதேசங்களின் ஆட்சிச் சட்டம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தமிழ் நாட்டுச் சட்டசபை அரசியல் சாசனத்திலிருந்து நேராகப் பிறந்தது. புதுவைச் சட்டசபையோ பார்லிமெண்டு இயற்றிய ஒரு சாதாரணச் சட்டத்திலிருந்து பிறந்தது. பார்லிமெண்டு நினைத்தால் அதை விரிக்கலாம், சுருக்கலாம். அச்சட்டப்படி ஜனங்கள் 30 அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். மத்திய சர்க்கார் 3 பேருக்கு மேற்படாமல் நியமனம் செய்யலாம். மந்திரி சபை லெப்டினண்டு கவர்னருக்கு யோசனை கூறும். அபிப்பிராய பேதம் உண்டானால் விஷயம் ஜனாதிபதிக்குப் போகும். முடிவு வரும் வரை, அவசரமென்று தோன்றினால் லெப்டினண்டு கவர்னர் தம் விருப்பப்படி நடக்கலாம். வருஷாந்தர வரவு செலவுத் திட்டத்தையும் டில்லியின் முன் அனுமதி பெற்றே சபையில் வைக்க வேண்டும். மாநிலங்களுக்கு நிதி பகிர்ந்தளிக்கும் நிதிக் கமிஷனின் பந்தியில் புதுவைக்கு இலை கிடையாது.

இச்சட்டம் ஆதியில் புதுவைக்கு மட்டும் இயற்றப்பட்டதன்று. ஹிமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா ஆகியவையும் அதன் கீழ் இருந்தன. ஹிமாசலம் 1971-லும், மணிப்பூரும் திரிபுராவும் 1972-லும், கோவா 1987-லும் மாநிலங்களாயின. பின்னர் அதே சட்டத்தின் கீழ் வந்த மிஜோராமும் அருணாசலமும்கூட 1987-ல் மாநிலங்களாயின. ஒரே வீட்டில் வளர்ந்த பெண்கள் எல்லோரும் கல்யாணமாகிப் போய்விட, மூத்தவர்களுள் ஒருத்தி மாத்திரம் கன்னியாகவே காத்திருப்பது போல் புதுவை நின்றுவிட்டது. மாநில அந்தஸ்து வேண்டுமென்று புதுவைச் சட்டசபை பலமுறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. தீர்மானம் செய்வது சட்டசபை. சட்டம் செய்வது பார்லிமெண்டு. விருப்பம் தெரிவிக்கும் இடம் இங்கே. நிறைவேற்றும் இடம் அங்கே.

சபாநாயகர் கண்ட எல்லை

இது ஏட்டுச் சட்டம். இதன் கசப்பை ஸ்ரீ வைத்திலிங்கம் சபாநாயகர் ஆசனத்திலிருந்தே அனுபவித்தார். 2017 ஜூலையில் மத்திய சர்க்கார், புதுவை மந்திரி சபையைக் கலக்காமலே மூன்று பேரைச் சட்டசபைக்கு நியமித்தது. அவர்களுக்கு லெப்டினண்டு கவர்னர் ஸ்ரீமதி கிரண் பேடியே பிரமாணம் செய்து வைத்தார். அந்நியமனங்களைச் சபாநாயகர் ஏற்க மறுத்தார். அவர்களைச் சபைக்குள் அனுமதிக்கவில்லை. வழக்கு நடந்தது. 2018 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டும், டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும், நியமனம் செய்யும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கே உரியது என்று தீர்ப்பளித்தன. நியமன அங்கத்தினர்கள் சபையில் வோட்டளிக்கவும் உரிமையுண்டு என்றாயிற்று. தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. சட்டத்தின் வாசகம் எதுவோ அதையே நீதிபதிகள் சொன்னார்கள். குறை தீர்ப்பில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது என்றால், அதைத் திருத்த வேண்டிய இடம் நீதிமன்றமுமன்று, புதுவைச் சட்டசபையுமன்று, பார்லிமெண்டே. ஒரு சபையின் தலைவர், தம் சபையின் வாயிலில் யாரை விடுவது என்பதைக்கூடத் தம் சபை தீர்மானிக்க இயலாது என்று கண்டுகொண்டார்.

அடுத்து 2019 பிப்ரவரி. புதுவை நகரத்தை அறிந்தோர் பாரதி பூங்காவை அறிவர். அதன் ஓரத்தில் பழைய கவர்னர் மாளிகையாகிய ராஜநிவாசக் கட்டடம். அருகிலேயே சட்டசபைக் கட்டடம். ஒன்றிலிருந்து கூப்பிட்டால் மற்றொன்றுக்குக் கேட்கும். அம்மாதம் 13-ந் தேதி முதல் மந்திரி ஸ்ரீ நாராயணசாமி தம் சகாக்களுடன் கறுப்புச் சட்டை அணிந்து, ராஜநிவாசத்தின் எதிரே தெருவில் உட்கார்ந்தார். மந்திரி சபையின் யோசனைகளை லெப்டினண்டு கவர்னர் தடுக்கிறார் என்பது அவருடைய முறையீடு. சட்டப்படி நடக்கிறேன் என்பது லெப்டினண்டு கவர்னரின் பதில். ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர் நடைபாதையில் படுத்துறங்கிய காட்சியைப் புதுவை வாசிகள் கண்டார்கள். எந்தக் கட்சியை ஆதரிப்பவனுக்கும் அக்காட்சி ஒரு பாடம்: மந்திரி நாற்காலிக்குக் கால்கள் உண்டு, ஆனால் அந்தக் கால்கள் நிற்கும் தரை டில்லியில் இருக்கிறது.

அதன் பின் ஒரு மாதம் கழிந்தது. சபாநாயகர் பதவி விலகினார், பார்லிமெண்டுக்கு அபேட்சகரானார். இச்சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு, அவர் ‘இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்க’ ஓடினார் என்று சொல்லத் தோன்றாது. கட்சியின் கட்டளையும், சொந்த ஆசையும் கலந்திருக்கலாம். கலவாத அரசியல்வாதி உலகில் இல்லை. எனினும், பூட்டு இங்கே இருக்க, சாவி அங்கே இருக்கிறது என்ற உணர்ச்சி அவருடைய அனுபவத்திலிருந்தே பிறக்கத்தக்கது. குடும்ப வேரும் அதற்குத் துணையானது: இணைப்புக்காக நின்ற தலைமுறையின் வீட்டில் வளர்ந்தவர், அந்த இணைப்பின் பலன் முழுமையாகக் கிடைக்கவில்லை என்று கருதுவது இயல்பே.

ஒரு குரலால் ஆவது என்ன?

ஆனால் இத்துடன் நாம் நிறுத்திக்கொண்டால், இது புகழ்மாலை ஆகிவிடும். எதிர்க் கட்சியினரின் வாதத்தையும் கேட்க வேண்டும். 543 பேரில் ஒருவர் என்ன செய்ய முடியும்? அதிலும் எதிர் வரிசையில் அமர்ந்தவர் என்ன செய்ய முடியும்? இது கனமான கேள்வி. டில்லிக்குப் போய் வந்த புதுவைத் தலைவர்கள் பலர். ஜனாப் பாரூக் மரைக்காயர் தமது 29-வது வயதில் முதல் மந்திரியானவர். பின்னர் 1991, 1996, 1999 தேர்தல்களில் பார்லிமெண்டுக்குச் சென்றார். காரைக்காலைச் சேர்ந்த ஸ்ரீ ப. சண்முகம் மும்முறை பார்லிமெண்டு அங்கத்தினராயிருந்து, பிறகு முதல் மந்திரியானார். சட்டசபை அங்கத்தினராக அவகாசத்துக்குள் தேர்ந்தெடுக்கப்படாமையால் 2001-ல் விலகினார். தெருவில் உட்கார்ந்த ஸ்ரீ நாராயணசாமியோ அதற்குச் சில வருஷங்களுக்கு முன் பிரதம மந்திரியின் காரியாலயத்தில் ராஜாங்க மந்திரியாக இருந்தவர். சாவி வைத்திருந்த வீட்டுக்குள்ளேயே அவர் இருந்தார். அப்பொழுது டில்லியில் ஆண்டதும் அவர் கட்சியே. பூட்டு திறக்கப்படவில்லை. காங்கிரஸ் அன்பர்கள் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். 2021-ல் புதுவையில் ஆட்சிக்கு வந்த கூட்டணி டில்லியில் ஆளும் கட்சியையே துணையாகக் கொண்டது. 2024 தேர்தலின்பொழுதும் மாநில அந்தஸ்து கோரிக்கையாகவே நின்றது. அவர்களும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

எனினும், ஒரு குரலால் ஆவதொன்றுமில்லை என்பது அதீதமான அவநம்பிக்கை. அமெரிக்காவின் கீழுள்ள போர்ட்டோரிக்கோத் தீவு வாஷிங்டன் ஜனப் பிரதிநிதி சபைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்புகிறது. அவர் பேசலாம், சபையின் இறுதி வாக்கெடுப்பில் வோட்டளிக்க முடியாது. புதுவையின் பிரதிநிதிக்கோ உத்தரப் பிரதேசத்துப் பிரதிநிதிக்குச் சமமான வோட்டு உண்டு. கேள்வி கேட்கலாம், தனி மசோதா கொண்டுவரலாம், மற்ற மாநிலங்களின் பிரதிநிதிகளைத் துணை சேர்க்கலாம். 1979 ஜனவரியில் புதுவையைத் தமிழ் நாட்டுடன் சேர்ப்பது பற்றி டில்லியில் பேச்செழுந்தபொழுது, புதுவை வீதிகளில் கிளர்ச்சி மூண்டது, துப்பாக்கி வெடித்தது, உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. ஜனங்களின் விருப்பத்தை அறிந்தே மாறுதல் செய்வோம் என்ற ஒப்பந்த வாசகம் பார்லிமெண்டில் ஓயாமல் நினைவூட்டப்பட்டால், அத்தகைய ரத்தம் சிந்த வேண்டியதில்லை.

டில்லியிலிருந்து நடக்கும் இந்த ஊஞ்சலாட்டம் 2019-க்குப் பின்னும் நிற்கவில்லை. அவ்வருஷம் ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டின் தனி நீதிபதி, அன்றாட நிர்வாகத்தில் லெப்டினண்டு கவர்னர் தலையிடலாகாது என்றார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. 2021 பிப்ரவரியில் அங்கத்தினர் சிலர் விலகியதால் ஸ்ரீ நாராயணசாமியின் மந்திரி சபை பெரும்பான்மை இழந்து வீழ்ந்தது. அப்பொழுது எதிர் வரிசையின் பலத்தில் நியமன அங்கத்தினர்களும் சேர்ந்திருந்தனர். முன்னாள் சபாநாயகர் வாயிலில் தடுத்த எண்ணிக்கை, கடைசியில் கணக்கில் ஏறிவிட்டது.

ஜனங்கள் என்ன சொன்னார்கள்? 2019-ல் ஸ்ரீ வைத்திலிங்கத்துக்கு 4,44,981 வோட்டுக்கள் கிடைத்தன, வித்தியாசம் 1,97,025. 2024-ல் அவரை எதிர்த்து நின்றவர், புதுவையின் உள்நாட்டு மந்திரியும் மண்ணாடிப்பட்டுத் தொகுதியின் சட்டசபை அங்கத்தினருமான ஸ்ரீ நமச்சிவாயம். அவரும் ஒரு காலத்தில் காங்கிரஸில் தலைவராயிருந்தவரே. ஆக, அத்தேர்தலில் பாரதிய ஜனதாவும் காங்கிரஸும் சட்டசபையில் பழகியவர்களையே டில்லிக்கு அனுப்ப முன்வந்தன. ஸ்ரீ வைத்திலிங்கம் 1,36,516 வோட்டு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். மடுகரையைக் கண்ணால் காணாத மாஹி, ஏனாம் வாசிகளும் வோட்டளிக்கும் தொகுதி இது. குடும்பப் பெயர் எட்டாத தூரத்துக்கும் அவருடைய கோரிக்கையோ, கட்சியோ, இரண்டுமோ எட்டின என்று கொள்ளலாம்.

பிதுர்க்கடன்

வக்கீல்களுக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தை இங்கே சொல்ல விரும்புகிறோம். மிதாக்ஷர தர்மப்படி, தந்தை நியாயமாகப் பட்ட கடனை மைந்தன் தீர்ப்பது தெய்விகக் கடமை என்று நமது நீதிமன்றங்கள் நெடுங்காலம் தீர்ப்புச் சொல்லி வந்தன. சொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடனைத் தள்ளிவிட மைந்தனுக்கு உரிமை இல்லை. 2005-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் இந்த விதியை இனி எழும் கடன்களுக்கு இல்லாமற் செய்தது. ஆனால் பொது வாழ்வில் அந்த விதியை எந்தச் சட்டமும் ரத்துச் செய்யவில்லை. பெரிய குடும்பத்தின் பெயரைச் சொல்லி வோட்டுக் கேட்பவர், அப்பெயரை ஆஸ்தியாக மட்டும் கணக்கிடலாகாது. கடனாகவும் கணக்கிட வேண்டும்.

நெட்டப்பாக்கத்தில் கொடி ஏற்றிய தலைமுறை ஜனங்களிடம் ஒரு கடன் பட்டது. அன்னியனை விட்டு வாருங்கள், உங்களை நீங்களே ஆளும் நாள் வரும் என்று அது வாக்களித்தது. அன்னியன் போனான், அது பாதிக் கடன். தேர்ந்தெடுத்த மந்திரி சபை தன் பொறுப்பில் ஆளும் நிலை வருவது மற்றப் பாதி. அந்தப் பாதி இன்னும் பாக்கி நிற்கிறது. ஸ்ரீ வெங்கடசுப்பா ரெட்டியாரின் குமாரர் டில்லிக்குப் போனதற்கு நியாயமான காரணம் அந்தப் பாக்கியே என்று நாம் கருதுகிறோம். அதைத் தீர்ப்பதில் அவர் எவ்வளவு உழைத்தார் என்பதே அவரை அளக்கும் கோலாக இருக்க வேண்டும். தகப்பனார் பெயரும் அன்று, வோட்டு வித்தியாசமும் அன்று.

ஆதலின், புதுவையிலுள்ள தேசத் தொண்டர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுவே. அடுத்த முறை சட்டசபையிலிருந்து எவர் டில்லிக்குப் புறப்பட்டாலும், அவர் எந்தக் கட்சியினராயினும், எந்தக் குடும்பத்தவராயினும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 1963-ம் வருஷத்துச் சட்டத்தில் எந்தப் பிரிவை, எவ்வாறு திருத்தச் சொல்லுவீர்? நிதிக் கமிஷனின் பந்தியில் புதுவைக்கு இலை போட என்ன வழி செய்வீர்? உம்முடைய கட்சியே டில்லியில் ஆளும்பொழுது அக்கட்சியை எதிர்த்தும் இதைக் கேட்பீரா? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கு விடை சொல்லத் தயங்குபவர், அவர் பாட்டன் காலத்திலிருந்து பதவி வகித்த குடும்பத்தவராயினும் சரி, நேற்று அரசியலுக்கு வந்தவராயினும் சரி, நமது பிரதிநிதி ஆகத் தக்கவரல்லர்.

மடுகரையிலிருந்து புதுவைச் சட்டசபைக்கு வர ஒரு தலைமுறை ஆயிற்று. சட்டசபையிலிருந்து டில்லிக்குப் போக மற்றொரு தலைமுறை ஆயிற்று. டில்லியிலிருந்து உரிமை மடுகரைக்குத் திரும்பி வர இன்னொரு தலைமுறை ஆகலாகாது.